கொழுந்து எடுத்ததைக் குப்பை திருப்பித் தருமா?

நெல்லில் கதிரை அறுக்கிறோம். தென்னையில் காயை இறக்குகிறோம். தேயிலையிலோ செடி புதிதாக விடும் துளிரையே கிள்ளி எடுக்கிறோம். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, இரு முறை அல்ல. ஏழு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒரு தடவை. பல தோட்டங்களில் இன்று கொழுந்து பறிக்கும் செடி, பறிப்பவரின் பாட்டி காலத்தில் நட்டது. இத்தனை ஆண்டுகளாகக் கூடை கூடையாக மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பது இலை மட்டுமில்லை. அந்த இலையோடு மண்ணின் சத்தும் சேர்ந்தே இறங்குகிறது.

செடியின் இளந்துளிரில்தான் தழைச்சத்து அதிகம். நான்கு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. அந்தத் தூளில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் தழைச்சத்து. நன்றாகப் பராமரித்த ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 2,000 கிலோ தூளுக்கான கொழுந்து கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 80 முதல் 100 கிலோ தழைச்சத்து அந்த நிலத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தனிக் கணக்கு. போனதைத் திருப்பித் தராவிட்டால் செடி சில காலம் தன் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு சமாளிக்கும். பிறகு துளிர் விடுவது குறையும், இலை வெளிறும், கூடை நிறையாது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 100 கிலோ தழைச்சத்துக்கு 217 கிலோ யூரியா, அதாவது நாலரை மூட்டை போதும். ஒரு ஹெக்டேரில் சுமார் 12,500 தேயிலைச் செடிகள் இருக்கும். செடிக்கு 17 கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. நன்கு மக்கிய மட்கு உரத்தில் தழைச்சத்து ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான். அதே 100 கிலோவுக்கு ஐந்து முதல் பத்து டன் மட்கு வேண்டும். அதிலுள்ள சத்தும் உடனே செடிக்குப் போய்ச் சேராது. முதல் ஆண்டில் அதில் ஒரு பங்குதான் கரைந்து வேருக்குக் கிடைக்கும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 20 டன் வரை தேவைப்படலாம். செடிக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். அத்தனையும் செங்குத்தான சரிவில், பெரும்பாலும் மனிதர் முதுகிலும் தலையிலும் ஏற வேண்டும்.

இயற்கை உரத்தில் தேயிலை வளருமா என்பது இந்தக் கணக்கைச் சார்ந்தது. வளரும் என்பதற்குப் பல ஆண்டு அனுபவம் சாட்சி சொல்கிறது. எத்தனை டன் எரு, எங்கிருந்து, எத்தனை ஆண்டுகளில், யார் செலவில் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத் தொடங்கியவர்கள் நிலைத்தார்கள். சொல்லாமல் தொடங்கிய இடத்தில் ஒரு நாடே தடுமாறியது.

யூரியா போட்டால் வேலை எளிது, பிறகு ஏன் எருவின் பக்கம் திரும்ப வேண்டும்? காரணம் மலையிலேயே இருக்கிறது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். ஆனால் யூரியாவையும் அம்மோனியம் சல்பேட்டையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து போடும்போது மண் அந்த எல்லையையும் தாண்டிப் புளித்துவிடுகிறது. பருவமழை கொட்டும் சரிவில் போட்ட உரத்தில் ஒரு பகுதி வடிகாலில் வழிந்து ஓடைக்குப் போகிறது. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. மண்ணில் மட்கு குறையக் குறைய, நீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும் சக்தியும் குறைகிறது. அதே விளைச்சலுக்கு மேலும் உரம், மேலும் செலவு என்று அது ஒரு சுழலாகிவிடுகிறது.

இந்தச் சுழலை வால்பாறைப் பக்கம் கண்கூடாகப் பார்த்தார்கள். ஆனைமலையில் நூறாண்டு கண்ட தேயிலை மண்ணில் மண்புழுக்கள் அருகிப்போயிருந்தன. உரத்தைக் கூட்டியும் விளைச்சல் உயரவில்லை. 1990களில் பிரான்சின் மண்ணியல் அறிஞர் பாட்ரிக் லவெல், ஒடிசாவின் சம்பல்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்ரம் சேனாபதி ஆகியோர் பாரி அக்ரோ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒரு முறையைச் சோதித்தார்கள். செடி வரிசைகளுக்கு இடையே குழி வெட்டி, கவ்வாத்தில் வெட்டிய கிளையும் தழையுமான மிலாறை அதில் இட்டு, அதன் மேல் நல்ல எருவைப் பரப்பி, மண்புழுக்களை விட்டு மூடினார்கள். குழியில் புழுக்கள் பெருகின, மண் பொலபொலத்தது, விளைச்சல் வெகுவாக உயர்ந்தது. எரு தரும் சத்தைப் போலவே, எருவைத் தின்று மண்ணைப் பதப்படுத்தும் உயிர்களும் முக்கியம் என்பதை ஒரு வணிகத் தோட்டத்திலேயே நிறுவிய சோதனை இது.

கவ்வாத்து மிலாறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை இடுப்பளவுக்கோ முழங்காலளவுக்கோ வெட்டிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு செடியிலிருந்தும் இலையும் குச்சியுமாக விழுவது, தோட்டத்துக்குச் செலவில்லாமல் கிடைக்கும் எரு. அதை அப்படியே வரிசைகளுக்கு இடையே பரப்பிவிட்டால் மண்ணை வெயிலும் மழையும் தாக்காது, களை அடங்கும், மக்கி உரமாகவும் ஆகும். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அடுப்பெரிக்க வேறு வழியில்லாதபோது அந்த மிலாறுதான் விறகு. மலையக வீடுகளில் சமையல் எரிவாயு கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் தேயிலை மண்ணுக்கும் அது நல்லது. அதுவரை இலையையும் சிறு குச்சியையும் மண்ணில் விட்டு, தடித்த கட்டையை மட்டும் வீட்டுக்கு எடுப்பது இரு பக்கமும் தாங்கக்கூடிய ஏற்பாடு.

மற்ற எருவெல்லாம் குவியலில்தான் பிறக்கிறது. மலைத் தோட்டத்தில் மட்குக் குவியல் போடுவதற்கு முதலில் ஒரு கூரை வேண்டும். இல்லையென்றால் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்கடியில் ஒரு அடுக்கு குவாத்தமாலா புல், ஒரு அடுக்கு முள்முருங்கையோ சீமைக்கிளுவையோ வெட்டிய பச்சைத் தழை, அதன்மேல் கரைத்த சாணம், சிறிது பாறை பாஸ்பேட் என மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். இரண்டு, மூன்று நாளில் குவியல் சூடேறிவிடும். உள்ளே செருகிய இரும்புக் கம்பியை உருவிப் பிடித்தால் கை பொறுக்காது; வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாவது அந்தச் சூட்டில்தான். சூடு தணிந்ததும் மேலதைக் கீழாகப் புரட்டிப் போட வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே அமுங்கி, கறுத்து உதிர்ந்து, முதல் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும்.

அவசரப்பட்டுப் பாதி மக்கியதை அள்ளிப் போட்டால் கெடுதல்தான். வைக்கோல், காய்ந்த புல் போன்றவற்றில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட பிறகு செடி மஞ்சளாகிறதே என்று விவசாயி திகைப்பது இதனால்தான். பச்சைத் தழையும் சாணமும் சரியான அளவில் கலக்கும்போது இந்தச் சிக்கல் தீருகிறது. மட்கில் போதாத தழைச்சத்தை வேப்பம்புண்ணாக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் ஈடுகட்டும். இவற்றில் 4, 5 சதவீதம் வரை தழைச்சத்து உண்டு. வேப்பம்புண்ணாக்கு மண்ணில் நூற்புழுக்களையும் அடக்கும். சாம்பல் சத்துக்காக அடுப்புச் சாம்பலை அளவின்றிக் கொட்டுவது மட்டும் தேயிலைக்கு ஆகாது. மண்ணின் புளிப்பை அது குறைத்துவிடும்.

நிழல் மரங்களும் உரத் தொழிற்சாலைகள்தான். முள்முருங்கையும் சீமைக்கிளுவையும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் பிடித்து வைக்கும் இனங்கள். ஆண்டுக்கு இரு முறை அவற்றின் கிளையை வெட்டிச் செடியடியில் போட்டால், 20 டன் கணக்கில் ஒரு பகுதி சுமை தூக்காமலே தோட்டத்துக்குள் விளைந்துவிடும்.

இப்படிப் பொறுமையாக மாறிய தோட்டங்கள் நம் அருகிலேயே உண்டு. டார்ஜிலிங்கின் மகாய்பாரி 1988இல் இயற்கைச் சான்று பெற்றது. அதே காலத்தில் இலங்கையின் அப்புத்தளைக்கு அருகே இதல்கசின்ன தோட்டத்தில் ஸ்டாசன் நிறுவனம் இயற்கைத் தேயிலையைத் தொடங்கியது. திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை மலையில் பாம்பே பர்மா நிறுவனத்தின் ஊத்து தோட்டமும் 1980களின் இறுதியிலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. 2028இல் முடியும் 99 ஆண்டுக் குத்தகையால் மாஞ்சோலைத் தேயிலைக்கே இன்று முற்றுப்புள்ளி விழுகிறது. அதற்கு எரு காரணமில்லை. நீலகிரியில் சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கும் கோரகுந்தாவிலிருந்து இயற்கைத் தேயிலை வெளிநாடுகளுக்குப் போகிறது.

இந்தத் தோட்டங்களுக்குப் பொதுவான இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, இவை தம் தேயிலையை நல்ல விலைக்கு வாங்கும் வாடிக்கையாளரை முன்கூட்டியே தேடிக்கொண்டன. இன்னொன்று, மாறும் காலத்தில் விளைச்சல் குறையும் என்று தெரிந்தே இறங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அந்த மூன்று ஆண்டும் ரசாயனம் போடக்கூடாது. ஆனால் இயற்கைத் தேயிலை என்ற பெயரிலும் விலையிலும் விற்க முடியாது. விளைச்சலும் குறைந்து விலையும் உயராத இந்த நடுவழியைக் கடக்கக் கையில் காசு வேண்டும். ஒரு நிறுவனத்திடம் அது இருக்கலாம். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் கோத்தகிரி விவசாயியிடம் இருக்காது.

சிக்கிம் மாநில அரசு இந்த நடுவழியைத் தானே தாண்டிப் பார்த்தது. 2003இல் சட்டமன்றத்தில் இயற்கை வேளாண்மைக்கு மாறும் முடிவை அறிவித்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தது. கிராமந்தோறும் மட்குக் குழிகளுக்கும் மண்புழு உரத்துக்கும் பணம் ஒதுக்கியது. முழு இயற்கை மாநிலம் என்ற அறிவிப்பு 2016 ஜனவரியில் வந்தது. பதின்மூன்று ஆண்டு. அரசே நடத்தும் டெமி தேயிலைத் தோட்டம் 2005 வாக்கில் மாறத் தொடங்கி 2008இல் சான்று பெற்றது. விளைச்சல் சறுக்கிய ஆண்டுகளில் அங்கே கூலி கொடுத்தது அரசு என்பதால் தொழிலாளியின் தலையில் சுமை விழவில்லை.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 அதிபர் தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ச, பத்து ஆண்டுகளில் நாட்டைச் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற்றுவதாகத் தேர்தலின்போது வாக்குறுதி அளித்திருந்தார். 2021 மே 6ஆம் தேதி வந்த வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு இரசாயனப் பசளைகள், பூச்சிக்கொல்லிகள் அனைத்தின் இறக்குமதியையும் ஒரே அடியில் நிறுத்தியது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் வற்றி, அந்நியச் செலாவணி தேய்ந்துகொண்டிருந்த நேரம் அது. மண்ணின் நலம் என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் டாலர் தட்டுப்பாடும் இருந்தது. நாட்டில் தேயிலை நிலம் மட்டும் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல். ஹெக்டேருக்குப் பல டன் என்று கணக்கிட்டால் எத்தனை லட்சம் டன் மட்கு தேவை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தயாரிக்கும் குழிகளோ கால்நடைகளோ வண்டிகளோ இல்லை.

பற்றாக்குறையைத் தீர்க்கச் சீனாவின் சீவின் நிறுவனத்திடம் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமானது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் 20,000 டன்னோடு வந்தது. மாதிரியில் எர்வீனியா என்ற தீங்கான பாக்டீரியா இருப்பதாகக் கூறி இலங்கையின் பயிர்த் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். நிறுவனம் அதை மறுத்தது. சரக்கு இறங்கவேயில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் சுமார் 69 லட்சம் டாலர் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது.

2021 முழுதும் பார்த்தால் இலங்கையின் தேயிலை உற்பத்தி விழவில்லை. 2020இல் சுமார் 28 கோடி கிலோவாக இருந்தது 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக உயர்ந்தது. தடையால் கெடுதல் இல்லை என்று நினைக்க இடமிருந்தது. செடியோ ஏற்கெனவே போட்ட உரத்தையும் தன் வேரிலிருந்த சேமிப்பையும் செலவழித்துக்கொண்டிருந்தது. விளைவு 2022இல் வந்தது: 25 கோடி கிலோ. கால் நூற்றாண்டுக்குமேல் காணாத சரிவு. தடை 2021 நவம்பரிலேயே விலக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை ஏறி, இலங்கை ரூபாய் சரிந்து, ஒரு மூட்டைக்குப் பழைய விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். 2023லும் உற்பத்தி 26 கோடி கிலோவைத் தொடவில்லை.

இழப்பு யார் வீட்டுக்குப் போனது? இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்கள் விளைவிப்பது. காலி, மாத்தறை, இரத்தினபுரி எனப் பல மாவட்டங்களில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். பெருந்தோட்டங்களிலோ மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள். 2021 மார்ச்சில்தான் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளம் என்று வர்த்தமானி வந்தது. ஆனால் முழுச் சம்பளம் பெற நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவு உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று மாறும். செடியில் கொழுந்தே இல்லாதபோது எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் கூடை நிறையாது. அளவு எட்டாதவர்களுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். களைக்கொல்லியும் நின்றதால் புல் மண்டிய மலையில் அட்டையையும் பாம்பையும் பார்த்துப் பார்த்துக் கால்வைக்க வேண்டியிருந்தது. கொழும்பில் எடுத்த முடிவின் கணக்கு, தலவாக்கலையிலும் பதுளையிலும் ஒரு பெண்ணின் கூடை எடையில் தீர்க்கப்பட்டது.

எதிர்ப்புக் குரல் அப்போதே எழுந்தது. 1925இல் தொடங்கி, இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் எருவையும் ரசாயனத்தையும் இணைத்துப் போடும் வழிகளைப் பல காலமாகவே ஆராய்ந்து வந்திருக்கிறது. அரசு அமைத்த நிபுணர் குழுவில் இருந்த தோட்ட உரிமையாளர் ஹெர்மன் குணரத்ன, விளைச்சல் பாதியாகும், விலையோ அந்த அளவுக்கு உயராது என்று பகிரங்கமாகவே எச்சரித்தார். அதைக் கேட்டிருந்தால், இன்று இலங்கை விவசாயி சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிலை வந்திருக்காது. அவசரத் தடை செய்த பெரிய கேடு இதுதான். நல்லதொரு முறையின் பெயரைக் கெடுத்துவிட்டது.

ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் தேயிலைக்காரர்கள் இந்த விவாதங்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே 'சாகுசாபா' என்ற முறையைக் கைக்கொண்டிருக்கிறார்கள். தேயிலை வயல்களை ஒட்டிப் புல்வெளிகளைக் காடாக விடாமல் பராமரிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்தப் புல்லை அறுத்துக் கட்டி உலர்த்தி, நறுக்கித் தேயிலை வரிசைகளுக்கு இடையே மெத்தையாகப் பரப்புகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அறுப்பதால் வெயில் தரைவரை விழுந்து, அப்புல்வெளிகளில் 300க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பிழைத்திருக்கின்றன. 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. அவர்களில் எல்லாரும் ரசாயன உரத்தை விட்டவர்கள் அல்லர். எருவை முதலில் வைத்து, மிச்சத் தேவைக்குத்தான் மூட்டையை நாடுகிறார்கள்.

தமிழகத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்கும் மலையகத்துக்கும் பொருந்தக்கூடிய வழி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். கவ்வாத்துச் சுற்று இருக்கவே இருக்கிறது; அந்த ஆண்டு கவ்வாத்து வெட்டும் மலையில் மட்டும் மிலாறும் மட்கும் புண்ணாக்கும் போட்டு, அடுத்த ஆண்டு அடுத்த மலைக்குப் போனால் நான்கைந்து ஆண்டில் தோட்டம் முழுதும் ஒரு சுற்று எரு பெற்றுவிடும். ஆண்டுக்கு வேண்டிய மட்கின் அளவும் நான்கில், ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். மண்ணைச் சோதித்து, மட்கு ஏற ஏற யூரியாவைக் குறைத்துக்கொண்டே வரலாம். முழு இயற்கைச் சான்று வேண்டுவோர் அதன் பிறகு அந்த மூன்று ஆண்டுக் கணக்கைத் தொடங்கினால் சறுக்கல் சிறிதாக இருக்கும்.

2023 மார்ச்சில் தமிழக அரசு இயற்கை வேளாண் கொள்கையை வெளியிட்டது. தேயிலை மலைகளில் அதற்கு உயிர் வர வேண்டுமானால், ஊர்தோறும் மட்குக் கூடமும், சமவெளியின் சாணத்தையும் புண்ணாக்கையும் மலையேற்ற வண்டிச் செலவில் ஒரு பங்கும், மாற்றக் காலத்தில் பச்சைக் கொழுந்துக்கு ஈட்டு விலையும் வேண்டும். பெருந்தோட்டங்களில் இன்னொன்றும் வேண்டும்: மாறும் ஆண்டுகளில் கிலோ அளவைத் தளர்த்தி, நாள் முழுதும் மலையில் நின்றவருக்கு முழுப்பேர் போடும் ஒப்பந்தம். எருக் குழி வெட்டுவதும் புரட்டுவதும் சுமப்பதும் அந்தக் கைகள்தான் என்பதால், இந்த ஒப்பந்தம் தொழிற்சங்கத்தோடு பேசி முதல் மட்குக் குழி வெட்டுவதற்கு முன்பே கையெழுத்தாக வேண்டும்.